ரொட்டிக்குள் மோதிரம்

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவருடைய மகள் அயர்லாந்தில் நர்ஸ்.

“அங்க அக்டோபர் கடைசித் திங்கக்கிழம லீவுடி. பேய்ப் பண்டிகையாம். ரொட்டிக்குள்ள மோதிரம் வச்சி சுடுவாங்களாம். யாரு துண்டுல வருதோ, அவங்களுக்கு வருஷத்துக்குள்ள கல்யாணமாம்.”

“பேய்க்கும் கல்யாணத்துக்கும் இன்னாக்கா சம்பந்தம்?” என்றார் இளையவர்.

“அத உம் மாமியாரக் கேளு. இந்த வருஷம் எம் பொண்ணு துண்டுல வந்துச்சு. பாத்த மாப்பிள்ளைய எல்லாம் வாணாம்னவ, இப்ப கட்டிக்கிறேன்றா.”

“ரொட்டிய அறுத்துக் குடுத்தது யாரு?”

“கூட வேல செய்யிற பையன். திருவெண்ணெய்நல்லூராம்.”

இளையவர் சிரித்தார். “மோதிரம் தானா வரலக்கா.”

“எனக்குத் தெரியாதா? அவங்க வீட்டப் பாக்கத்தான் போய்க்கினு இருக்கேன்.”