ஓட்டைச்சட்டைக்காரர்கள்

தம்பி: அக்கா, அந்த ஆசிட் கேனைக் கொஞ்சம் கீழ வையேன். பேசணும்.

அக்கா: காது சும்மாதானே இருக்கு, நீ பேசு. பேட்டரி மேல சாயாத, புதுச் சட்டை.

தம்பி: ஓட்டை விழட்டுமே. அதுக்குத்தான் இப்ப மவுசு.

அக்கா: தெறிச்ச உடனே தெரியாதுடா. துவைச்சு எடுத்தாத்தான் சல்லடையா வரும். உன் ரசிகருங்க கத்தரியில வெட்டிக்கிறாங்களாமே?

தம்பி: கடையிலயே வெட்டி விக்கிறான். ஊர்ல பாதிப் பேர் தங்களை ஓட்டைச்சட்டைன்னு சொல்லிட்டுத் திரியுறாங்க.

அக்கா: நான் வேலை முடிஞ்சு போறப்ப பின்னாலயே வந்து கத்துவானுங்களே, "ஏய் ஓட்டைச்சட்டை"ன்னு... அதே பேரு.

தம்பி: அதேதான். முதல் கச்சேரிக்குப் போட்டுக்க ஒண்ணுமில்லாம உன் சட்டையை எடுத்துட்டுப் போனேன்ல? அடுத்த வாரம் முன்வரிசை பூரா ஓட்டை.

அக்கா: சொல்லாம எடுத்துட்டுப் போயிட்ட. அன்னிக்கு வீட்டையே புரட்டிப் போட்டேன்.

தம்பி: சரி... இன்னிக்கு சாயங்காலம் கச்சேரிக்கு வரியா?

அக்கா: தலைவலி.

தம்பி: சாயங்காலத்துக்கு இப்பவேவா?

அக்கா: உன் பாட்டைக் கேட்டா வரும்ல, அதைச் சொன்னேன்.

தம்பி: விளையாடாதக்கா. எவனெவனோ வரான், நீ ஒருநாள் எட்டிப் பாத்ததில்ல. இன்னிக்கு மேடையில ஒரு விஷயம் சொல்லணும்... நீ இருந்தாத்தான் எனக்கு வாய் வரும்.

அக்கா: என்ன விஷயம்?

தம்பி: வந்து கேளு.

அக்கா: ...வந்தேன்டா.

தம்பி: எப்ப?

அக்கா: போன மாசம். வேலையிலேர்ந்து நேரா, இந்தச் சட்டையோடயே. வாசல்ல நிறுத்திட்டாங்க, ஓட்டைச்சட்டை போட்டாத்தான் உள்ள விடுவாங்களாம்.

தம்பி: எவன் அவன்?

அக்கா: சின்னப் பொண்ணு, பாவம். மரியாதையாத்தான் பேசினா. "ஓட்டைச்சட்டைன்னா இப்படி இருக்காதுங்க, இது வெறும் பழசு"ன்னா.

தம்பி: ஐயோ... உன்னைப் பாத்தா? என் அக்கான்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?

அக்கா: விடு. அந்த மூடியை எடு.

தம்பி: சொன்னியா, இல்லையா?

அக்கா: சொன்னேன். "அவருக்கு யாருமே இல்லீங்களே, தெருவுல கிழிஞ்ச சட்டையோட தனியா வளந்தவரு, அதான் எங்களுக்கு இந்தப் பேரு"ன்னு போன்ல உன் பேட்டியைக் காட்டினா. நீ பேசப் பேச அவ கண்ணு கலங்குதுடா... உன்னைப் பொய்யனாக்க எனக்கு மனசு வரல. "வேற யாரோன்னு நெனச்சுட்டேம்மா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.