அங்கம்மாவின் ஏழாவது ஊசி

இன்னும் யாராவது சாப்பிடவில்லையென்றால் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கேட்ட பிறகு இறங்காது. நம் சபாபதியின் பெரியப்பா அய்யாவுக்கு நடந்தது இது.

விடியற்காலை நாலரை மணி. மலாயாவில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம். செம்மண் பாதையில் பால் வெட்டத் தனியாகப் போகிறார் அய்யாவு... நொண்டி நொண்டி. இடுப்பில் எலுமிச்சம்பழ அளவு புண். ஆறவே இல்லை. துணியை எடுத்தால் தோலும் கூட வரும். சீ.

எப்படி வந்தது அந்தப் புண்? அது முப்பத்து நாலாம் வருஷம். அவர் பெண்சாதி அங்கம்மாவுக்கு மார்பில் கட்டி. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். பிறகு அக்குளில் நெறி கட்டியது. டாக்டர் அதில் சதையைச் சுட்டுக் கட்டியைக் கருக்கும் ஏழு ரேடியம் ஊசிகளைச் செருகி, நூல் முனைகளை வெளியே விட்டுத் தைத்தார். ஏழு நாள் யாரும் தொடக்கூடாது. கையைத் தூக்கியபடியே அவள் படுத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பார்க்கப் போன அய்யாவு அந்த நூல்களைக் கண்டார். உடம்பில் ஊசி, ஊசியில் நூல்... செய்வினை எடுக்கிறவன் வேறு எதைக் காட்டுவான்? நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஒரு நூலைப் பிடித்தார்.

"வேணாங்க. அது என் உசுரு," என்றாள் அங்கம்மா.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா கெட."

இழுத்தார். சதையோடு வந்தது. ஊசியை எலுமிச்சம்பழத்தில் குத்தி, அமாவாசை வரட்டுமென்று மூன்று நாள் இடுப்பு மடியிலேயே முடிந்து வைத்திருந்து, தான் பால் வெட்டும் நிரையின் முதல் மரத்தடியில் புதைத்தார். ஆஸ்பத்திரியில் சாக்கடை வரை தேடினார்கள். இவர் வாயே திறக்கவில்லை. மடையன்.

அங்கம்மா இரண்டு மாதம் இருந்தாள். நெறி உடைந்து ஒழுகியது. கூலிகள் குடியிருந்த லயமே நாறியது. ஈ மொய்க்க மொய்க்கத்தான் செத்தாள்.

நான் சொன்ன அந்த விடியற்காலை, அவள் செத்த நாற்பதாம் நாள். முதல் மரத்தை நெருங்கியதும் அதே வாடை... புளித்த ரப்பர் பால் இல்லை, சீழ். விளக்கைத் தூக்கினார். பால் பிடிக்கும் மங்கு மஞ்சளாக நிரம்பியிருந்தது. தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. சொட்... சொட்... இன்னும் கத்தியே வைக்கவில்லை அவர். மரத்துக்குப் பின்னால் ஒரு கை. தூக்கியபடி.

"எடுத்த எடத்துலயே வச்சிடுங்க."

விடிந்து கங்காணி வந்து பார்த்தபோது மரத்தடி தோண்டிக் கிடந்தது. எலுமிச்சம்பழம் அழுகவே இல்லை. ஊசியைக் காணோம். அய்யாவு கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் மருந்து போடுகிற டிரெஸ்ஸர் வந்து சட்டையைக் கிழித்துப் பார்த்தார். அக்குளிலிருந்து ஒரு நூல் தொங்கியது. டிரெஸ்ஸர் அதைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க," என்றார் அய்யாவு. "அது அவ உசுரு."