நாற்காலிகள் நுழையாத அறை

அந்த அறைக்கு மஞ்சள் வேண்டாம், வெளிர்பச்சைதான் வேண்டும் என்று சொன்னது நான்தான். மஞ்சள் சீக்கிரம் அழுக்காகிவிடும். பெயிண்ட் அடித்தவர் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். முடித்த பிறகு பின்னால் நகர்ந்து நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான்மா இருக்கு" என்று அவரே ஒப்புக்கொண்டார். கதவில் முத்திரை வைப்பதற்கு முன்னால் நீங்களும் உள்ளே போய்ப் பார்த்திருப்பீர்கள், மேடம்.

இந்தக் கட்டிடத்தில் பல அலுவலகங்கள். தண்ணீர், விளக்கு, லிஃப்ட், கழிப்பறை எல்லாம் என் பொறுப்பு. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் எல்லோருக்கும் நான் சாவியம்மா.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த அறையாவது கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தால் உடைந்த நாற்காலிகள் அதில் குடியேறிவிடும். முதலில் ஒன்று வரும், "ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்" என்ற சிபாரிசோடு. அப்புறம் அதன் சொந்தபந்தமெல்லாம் வந்து சேரும். படிப்பறை அப்படித்தான் போனது. முதலுதவி அறையும் போனது. ஒருமுறை மயங்கி விழுந்தவரை வராண்டாவில்தான் படுக்கவைத்தோம், ஏனென்றால் கட்டில் நாற்காலிகளுக்கு அடியில் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கைக்குழந்தைக்காரி. மதியத்துக்குள் மார்பு கல்லாகிவிடும். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பீச்சிக் கீழே விடுவேன். வெளியே யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் என் மகன் டப்பாப் பால் குடித்தான். நன்றாகத்தான் வளர்ந்தான். என்னோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறை வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, மாடிப்படிக்கு அடியில் ஒரு திரையைக் கட்டினால் போதும் என்றார் மேலாளர். நான் ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் லிஃப்டுக்கு எதிரே ஒரு அறை கிடைத்தது. சாய்வு நாற்காலி, கை கழுவும் தொட்டி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், உள்தாழ்ப்பாள். தாழ்ப்பாள் போட்டால் கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரியும். அந்த பல்பு என் யோசனை. உள்ளே ஒரு தாய் இருக்கிறாள் என்று சொல்லிவிடும், யாரும் தட்டமாட்டார்கள்.

ஆனால் ஆள் வரவில்லை. அலுவல் காரியமாக வரும் பெண்கள் கூச்சப்பட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானைக்குள் பால் கொடுத்தார்கள். கையைப் பிடித்து அழைத்தாலும், "பரவால்லம்மா, இதோ முடிஞ்சிடும்" என்பார்கள். தவறாமல் வந்தவள் வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒருத்திதான். அவளை உங்களுக்குத் தெரியும்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்திருந்தாள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை வந்து பாலைப் பீச்சி பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைப்பாள். வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போவாள். மறுநாள் பகலில் அவள் மாமியார் அதைக் குழந்தைக்குப் புகட்டுவார். நான் லிஃப்ட் பக்கம் போகும்போதெல்லாம் பல்பைப் பார்ப்பேன். எரிந்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும்.

ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எனக்கு ஒரு தடவையிலேயே பாட்டில் நிறைஞ்சிடுது. வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்க இடமில்லை, அத்தை சத்தம் போடுறாங்க. இனிமே மத்தியானம் மட்டும் வர்றேன்."

நல்லது என்றேன். அதே வாரத்தில் மேலாளர் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "எப்பப் பாத்தாலும் காலியா கிடக்கே, சாவியம்மா. வராண்டாவுல நாற்காலி மேல நாற்காலி ஏறி நிக்குது. ரெண்டு நாளைக்கு இதுல போட்டு வைங்களேன்" என்றார். எந்த இரண்டு நாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் முதல் தினமும் அவள் பாட்டிலிலிருந்து கொஞ்சம் பாலைத் தொட்டியில் கொட்டினேன். பால் குறைந்தால் இன்னொரு தடவை வருவாள் என்பதுதான் கணக்கு. அளவு குறைந்தது கண்ணில் பட்டுவிடுமே என்று தண்ணீர் விட்டு நிரப்பினேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான். அதற்கென்று வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவந்தேன். குழாய்த் தண்ணீரை நான் ஒருநாளும் விட்டதில்லை. சுத்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

என் கணக்கு தப்பவில்லை. குழந்தை பகலெல்லாம் அழுகிறது, பால் பற்றவில்லை என்றார் மாமியார். அவள் மறுபடி காலையிலும் வந்தாள், சாயந்திரமும் வந்தாள். எடை ஏறவில்லை என்று மருத்துவர் சொன்னதும் நடுவில் இன்னும் ஒரு தடவை சேர்ந்துகொண்டது. மேலாளர் எப்போது கடந்துபோனாலும் பல்பு எரிந்தது. நாற்காலிப் பேச்சை அவர் விட்டுவிட்டார்.

அவளை நான் நன்றாகவே கவனித்துக்கொண்டேன். டீ வாங்கிக் கொடுப்பேன். முதுகுக்கு ஒரு தலையணை என் செலவில் தைத்துப் போட்டேன். ஒருநாள் கண் கலங்கி, "டப்பாப் பால் குடுத்துடலாம்னு அத்தை சொல்றாங்க அக்கா. குடுத்துடட்டுமா?" என்று கேட்டாள்.

டப்பாப் பால் வந்தால் அவளுக்கு அந்த அறை எதற்கு? ஆனால் அதை நினைத்துச் சொல்லவில்லை. உண்மையாகவே மனசு கேட்கவில்லை. "பெத்தவ பாலுக்கு ஈடாகுமாம்மா? பல்லைக் கடிச்சுக்கோ. உனக்காகத்தானே இந்த அறையைக் கட்டிக் காத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய சொந்த அக்காகூட இப்படி ஆறுதல் சொன்னதில்லையாம்.

கவலையில் அவளுக்கு நிஜமாகவே பால் வற்ற ஆரம்பித்தது. பாட்டிலில் கால்வாசிதான் தேறும். நானும் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் நடுவில் விட எனக்கு வராது.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. உடம்பில் தண்ணீர்தான் நிறைய, சத்தே இல்லை என்றார்களாம்.

ஒன்று மட்டும் உங்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். காரியமெல்லாம் முடிந்து அவள் தன் பொருட்களை எடுத்துப்போக வந்தாள். மேசை இழுப்பறையைத் திறந்தபடி நின்றவளின் ரவிக்கை முன்பக்கம் நனைந்துவிட்டது. குழந்தை போனது பாலுக்குத் தெரிந்திருக்கவில்லை. வரவேற்பில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். நான்தான் துண்டால் மூடி அறைக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்தேன். ஒரு சுத்தமான பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, பல்பு எரிந்தது. ரொம்ப நேரம் இருந்தாள். யாரும் கதவைத் தட்டிவிடக் கூடாது என்று நான் கால் கடுக்க வாசலிலேயே நின்றேன். மேலாளர்கூட அந்தப் பக்கம் வந்தவர் பல்பைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டதோ அதைச் செய்தது என்று எனக்குத் தோன்றியது. போகும்போது, "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் அக்கா" என்றாள். அந்த பாட்டிலை நான் தொடவில்லை.

வீட்டு ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த பாலைச் சோதித்துப் பார்த்து அந்த மாமியாரைத்தான் நீங்கள் முதலில் பிடித்தீர்கள். புகட்டியவர் அவர்தானே. பெற்ற மகனே அவர் முகத்தில் விழிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக நான் உங்களிடம் வந்திருக்கலாம் என்று நீங்கள் நினைத்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் வாக்குமூலத்தில் பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் கலந்தது வீட்டிலா, அலுவலகத்திலா என்று தெரியும்வரை அறையைத் திறக்கமாட்டோம் என்று உங்கள் ஆட்கள் முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பல்பு எரியவில்லை. நேற்று வந்து பார்த்தால் பூட்டிய கதவை ஒட்டி, சுவரோரமாக, ஒரு கால் ஒடிந்த நாற்காலி நிற்கிறது.

ஆகவே சொல்லிவிடுகிறேன். கலந்தது அந்த அறையில்தான், கலந்தது நான்தான். மாமியாருக்கு எதுவும் தெரியாது. ஃபிளாஸ்க் என் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். இனி அந்த முத்திரைக்கு அவசியம் இல்லை, இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்றாம் மாடியில் ஒரு பெண்ணுக்கு இது எட்டாம் மாதம். வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாளாம். நான்தான், "பயப்படாதே, உனக்கு அறை இருக்கு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.