மீதி இரண்டு விநாடி

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை யாரும் கவனிப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அண்ணி. நாற்காலியில் உட்காருகிறவர்கள் அதன் கால்களைப் பார்ப்பதில்லை அல்லவா, அந்த மாதிரிதான். இருபத்து நான்கு வருடமாக மேடையில் பாடும் அண்ணனுக்கு இடது பக்கம் நிற்கிறேன். ரசிகர்கள் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் என் முழங்கை மட்டும் விழும்.

செவ்வாய்க்கிழமை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உங்கள் போனை நீட்டினீர்கள். "தம்பி, கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் உனக்குத்தான் தெரியும். இந்த ஆணிங்கிற பேர்ல எழுதுறவன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடு." நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். இன்று வியாழன். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடம் கழித்து எங்கள் மெட்டல் இசைக்குழு புது ஆல்பம் போடப்போகிறது என்று அறிவித்தபோது, ரசிகர்கள் துள்ளிக் குதிக்கவில்லை. 'மாத்திரை டப்பாவை மறக்காம எடுத்துட்டு வாங்க பெரியவங்களே' என்று ஒருவன் எழுதினான். 'இந்த வாட்டி தாலாட்டு எத்தனை?' என்று இன்னொருவன். போன ஆல்பம் அப்படி இருந்தது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எல்லோரும் சுற்றிச்சுற்றிக் கேட்டது ஒன்றைத்தான். பத்தொன்பது வருமா?

எங்கள் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் அண்ணன் மூச்சு விடாமல் பத்தொன்பது விநாடி அலறுவார். மேடையில் அந்த இடம் வந்ததும் கூட்டம் மொத்தமும் ஒன்று, இரண்டு என்று எண்ணும். அலறும்போது அண்ணனுக்கு எதுவும் காதில் விழாது. என் கையைத்தான் பார்ப்பார். நான் விரல் விட்டு எண்ணுவேன். முஷ்டியை மடக்கினால் நிறுத்துவார். அவர் என் பேச்சைக் கேட்ட ஒரே இடம் அது என்று டிரம்மர் மூட்டை கிண்டல் செய்வான். நானும் சிரிப்பேன்.

கம்பளக் கிடங்கின் மாடியில் இருக்கும் எங்கள் ஒத்திகை அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரோடு சுவராகப் பழைய கம்பளச் சுருள்களை நிறுத்தியிருப்போம். புதுப் பாட்டுகளிலிருந்து வாரம் ஒரு துண்டை ரசிகர்களுக்காக இணையத்தில் போட்டோம். மூன்றாவது பாட்டு வேகம் போதாது என்று நான் அண்ணனிடம் சொன்னேன். "நீ உன் நாலு கம்பியைப் பாருடா" என்றார். கோபமாக அல்ல. எப்போதும் சொல்வதுதான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது புதிதாக ஒரு கணக்கு தொடங்கினேன். பெயர் கேட்டது. ஒத்திகை அறையில் என் கிட்டார் பை தொங்கும் ஆணி ஞாபகத்துக்கு வந்தது, அதையே போட்டேன். 'மூணாவது பாட்டு, மூட்டுவலி வந்த மாமனார் மாடிப்படி ஏறுற மாதிரி போகுது' என்று எழுதினேன். அவ்வளவுதான். ஒரு வரி.

மறுநாள் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "மூணாவதை வேகமாக்குறோம். ஒருத்தன் எழுதியிருக்கான். திமிர் பிடிச்சவன். ஆனா அவனுக்குக் காது இருக்கு."

காது இருக்கு. அண்ணி, அந்தச் சொல்லை நான் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். இதற்கு முன் கேட்டதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அதன்பின் எழுதாமலிருக்க முடியவில்லை. ஐந்தாவது பாட்டில் கிட்டார் நீளம் என்று ஆணி சொன்னான், குறைத்தோம். ஏழாவதில் டிரம்ஸ் தகர டப்பாவாக இருக்கிறது என்றான். அதற்காக அண்ணனுக்கும் மூட்டைக்கும் பெரிய சண்டை வந்து, மூட்டை ஒரு வாரம் வரவில்லை. ஆல்பம் மெருகேறிக்கொண்டே வந்தது. அண்ணன் ஆணிக்குத் தனியாகவும் எழுத ஆரம்பித்தார். என்னிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னார். கண்ணாடியில் தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று. மேடை ஏறப் பயமாக இருக்கிறது என்று. பக்கத்து ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்து நான் அவற்றைப் படித்தேன். என்னடா சிரிப்பு என்று அவரே ஒருதரம் கேட்டார்.

தொண்டை டாக்டரிடம் அண்ணனைக் கூட்டிப் போனது நான்தான். உங்களிடம் 'சும்மா வீக்கம், வெந்நீர் குடித்தால் போதும்' என்று சொன்னதும் நான்தான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. குரல்நாணில் ரத்தக் கொப்புளம் ஒன்று இருந்தது. திரையில் காட்டினார், மிளகு அளவு. "மெதுவா பாடலாம். மூணு மாசத்துக்குக் கத்தக் கூடாது. இது உடைஞ்சா பேச்சு திரும்பலாம், பாட்டு திரும்பாது" என்றார். வீட்டில் சொல்லாதே என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். நானும் ஒப்புக்கொண்டேன். அவர் வார்த்தையை நான் தட்டியதில்லை.

மூன்று நாள் கழித்து அதே விஷயத்தை அவர் ஆணிக்கு எழுதினார். 'டாக்டர் கத்தக் கூடாதுங்கிறார். கடைசிப் பாட்டுல அலறல் வெக்கலாம்னு இருந்தேன். விட்டுடவா? நீ சொன்னா விட்டுடறேன்.'

நீ சொன்னா விட்டுடறேன். அதைப் பலமுறை படித்தேன். ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அலறல் இல்லாமல் அந்தப் பாட்டு எழுந்து நிற்காது, அதுவும் எனக்குத் தெரியும். அண்ணன் மனதைக் குளிர்விக்க நாம் எல்லோரும் இருக்கிறோம். உண்மை சொல்ல ஆணி ஒருவன்தான் இருந்தான். அப்படித்தான் அப்போது எனக்குப் பட்டது. 'கத்த முடியாதவன் மைக்கை வெச்சிட்டுக் கீழ இறங்கணும்' என்று எழுதினேன்.

அண்ணன் பதில் எழுதவில்லை. மறுநாள் காலையில், "இன்னிக்கு அலறலை ரெக்கார்ட் பண்ணிடுவோம்" என்று வந்து நின்றார்.

பாட்டுப் பதிவு அறையில் மூன்று பேர்தான். மூட்டை சோபாவில் உட்கார்ந்திருந்தான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பதிவுக் கருவிகளோடு. உள்ளே போகுமுன் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பத்து வந்ததும் மடக்கிடு. பத்து போதும். மிச்சத்தைக் கம்ப்யூட்டர்ல இழுத்துக்கோ." சரி என்றேன். அது சுலபமான வேலைதான், அரை மணி நேரம்கூட ஆகாது.

பதினேழில் குரல் அறுந்தது. மைக் வலையில் ரத்தம் தெறித்தது. பிற்பாடு அந்த வலையை நான் மூன்று தடவை கழுவினேன். இன்னும் அதைக் கையில் எடுக்கப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணன் எழுதுபலகையில், 'மடக்க மறந்துட்டியா?' என்று எழுதினார். ஆமென்று தலையை ஆட்டினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதன்பின் பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும், தண்ணீர் பிடித்தாலும், என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கிவிடுகின்றன. பத்தில் மடக்கப் பார்க்கிறேன். மடங்குவதில்லை.

மீதி இரண்டு விநாடியை நான்தான் இழுத்துச் சேர்த்தேன். ஆல்பம் வந்தது. பத்தொன்பது, பத்தொன்பது என்று ஊரெல்லாம் கொண்டாடினார்கள். கிண்டல் செய்தவர்களே மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். ஆணி மட்டும், 'அது பதினேழுதான். மிச்சம் ரெண்டும் பொய்' என்று எழுதினான். ஆணியாக நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை, அண்ணி. அந்த ஒன்றையாவது காப்பாற்ற நினைத்தேன்.

அங்கேதான் நீங்கள் பிடித்தீர்கள். "பதினேழுன்னு இவனுக்கு எப்படிப்பா தெரியும்? உள்ள இருந்தது நீங்க மூணு பேர்தானே" என்று கேட்டீர்கள். நான் வாய் திறக்குமுன் நீங்களே பதிலும் சொன்னீர்கள். "மூட்டைதான். டிரம்ஸ் சண்டையை மனசுல வெச்சுக்கிட்டுப் பண்ணியிருக்கான்." அண்ணனும் பலகையில், 'அவனை உள்ள விடாதே' என்று எழுதிவிட்டார். நேற்று மூட்டை ஆரஞ்சுப் பையோடு உங்கள் வாசலில் அரை மணி நேரம் நின்றானாம். அந்தப் பையை என் வீட்டில் வைத்துவிட்டு, "நான் என்னடா பண்ணேன்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவன் போனபின் ஒரு பழத்தை உரித்து வைத்துக்கொண்டு, சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு பாவமும் அறியாதவன் மேல் பழி விழக் கூடாது. மூட்டையைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆணி நான்தான்.

நான் மறக்கவும் இல்லை. பத்து வந்தபோது அண்ணன் என் கையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. மடக்கு என்று கேட்கிற பார்வைதான் அது, எனக்கு நன்றாகத் தெரியும். குரல் அற்புதமாக இருந்தது. நான் அடுத்த விரலை நீட்டினேன். பிறகு அடுத்தது. ஏழு முறை நீட்டினேன்.

இதை அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். போலீசுக்குப் போவதென்றாலும் நான் வீட்டில்தான் இருப்பேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். படித்து முடித்ததும் பலகையில் அவர் என்ன எழுதினார் என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மூன்றாவது பாட்டை வேகமாக்கச் சொன்னது நான்தான் என்ற இடம் வரும்போது கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.