காதைப் பொத்திய கை

— வீடியோவைத் திருப்பிப் போடட்டுமா, கஸ்?

— போடுங்க கோச். சத்தம் வேணாம்.

— பார்த்துக்கோ. இடது பக்கம் நம்மாளு தன்னந்தனியா நிக்கிறான். இவன் பந்தை நேரா எதிராளி கையில கொண்டுபோய்க் குடுக்கிறான். நாலு ஆட்டமா இதே கூத்து. சும்மா சொல்லக்கூடாது, கெலன் ரவுஷுக்குத் தோள்ல பலம் இருக்கு. பந்தை எறிஞ்சு ஆட்டத்தையே நடத்துற குவாட்டர்பேக்குக்குத் தோள் மட்டும் போதுமா?

— வயசு இருபத்திரெண்டுதான், கோச்.

— அதுக்காக வருஷம் முழுக்கத் தோத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? சுத்தி வளைக்கல. ஞாயித்துக்கிழமை அவன் உக்காருறான், நீ இறங்குற. ஆறு வருஷமா பெஞ்சைத் தேய்ச்சாச்சு. முப்பத்தேழு வயசுல இதை விட்டா உன்னை எவன் கூப்பிடுவான்?

— என் பொண்டாட்டி நோரீன் இதை நேத்தே மோப்பம் பிடிச்சுட்டா. டுலூத் ஊர்ல இருக்கிற அவ அப்பாவையும் ஆட்டம் பார்க்க வரச் சொல்லிட்டா. இந்தப் பனியில அந்த மனுஷன் வண்டி ஓட்டிக்கிட்டு வரப்போறார்.

— அப்புறம் என்ன? மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க?

— அதையே இன்னொரு தடவை போடுங்க. பந்தை விடுங்க. பையன் கையைப் பாருங்க.

— ஹெல்மெட்டைப் பொத்திக்கிட்டு நிக்கிறான். உள்ள ரேடியோல நான் பேசுறது கேக்கணும்ல? மைதானமே கத்துது.

— கை அங்க இருக்கிறப்ப கண்ணு எங்க இருக்கு?

— தரையில.

— பந்து ஆட்டத்துக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சட்டப்படி ரேடியோ தானா அறுந்துபோற வரைக்கும் நீங்க விடாம பேசுறீங்க. அவன் நிமிர்றதுக்குள்ள பந்து கைக்கு வந்துடுது. எதிராளி எப்படி நிக்கிறான்னு அவன் பார்க்கவே இல்ல. இப்ப மூணாவது ஆட்டத்தைப் போடுங்க. அந்த நீள எறி.

— அது குருட்டு அதிர்ஷ்டம்.

— கையைப் பாருங்க, கோச்.

— சீக்கிரமே இறக்கிட்டான். நிமிர்ந்து பார்க்குறான். வலது பக்கத்து ஆளை நகரச் சொல்றான்.

— அப்புறம் பந்தை ஓடுறவன் நெஞ்சுல கொண்டுபோய் வச்சான். அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க, ஞாபகம் இருக்கா?

— நடுவரோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்.

— எந்த ஆட்டமுறைன்னு பேரை மட்டும் சொல்லிட்டு அவர்மேல பாய்ஞ்சீங்க. அவனோட நல்ல எறி எல்லாமே இப்படித்தான். ஒண்ணுல உங்களுக்கு இருமல். இன்னொண்ணுல உதவிப் பயிற்சியாளரை வறுத்தெடுத்துக்கிட்டு இருந்தீங்க.

— அப்ப தப்பு என்மேலங்கிற.

— பையன் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினீங்க, பார்த்ததைச் சொல்றேன். இவன் என்னைவிடப் பெரிய ஆளா வருவான். இதைச் சொல்றது எனக்கொண்ணும் இனிக்கல.

— நோரீன்கிட்ட என்ன சொல்லுவ?

— அதை இன்னும் யோசிக்கல.

— சும்மா சொல்லக்கூடாது, உறைக்குது. ஆனா என் வாயை என்னால மூட முடியாது, கஸ். முப்பது வருஷத்து வாய்.

— தெரியும். பேரைச் சொல்லிட்டுப் பேசாம இருக்கிற ஆளுகிட்ட மைக்கைக் குடுத்துடுங்க.

— யாருகிட்ட? இவனை இவ்வளவு கூர்ந்து பார்த்தவன் நீ ஒருத்தன்தான். மைக்ல பயிற்சியாளர்தான் பேசலாம், ஆட்டக்காரன் வாயே திறக்கக்கூடாது, அது சட்டம். நீ அணியில ஆட்டக்காரனா இருக்கிற வரைக்கும் நடக்காது.

— அதான் கோச், டிரெஸ்ஸிங் ரூம்ல என் லாக்கரைக் காலி பண்ணிட்டுத்தான் இங்க வந்தேன்.