மேற்குப் பக்கத்து பாப்ளர்

கூச்சப்படாம அந்த வெடிப்புக்குள்ள விரல விட்டுப் பாருங்க தம்பி. வீடு பாக்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் பண்ணுவாங்க. போன வாரம் துலூஸ்லருந்து ஒருத்தரு வந்தாரு, மோதிரம் போட்ட விரல விட்டுட்டு வெளிய எடுக்கத் திண்டாடிட்டாரு. இது மேக்குச் சுவரு. போன கோடைக்கு இன்னும் கொஞ்சம் வாயப் பொளந்திருக்கு. ஒரு படத்த மாட்டி மறைச்சிடுன்னா என் தங்கச்சி. மாட்டேன்னுட்டேன். இவ்ளோ பெரிய வெடிப்ப மறைக்கணும்னா மாதா கோயில் சுவத்துல மாட்டியிருக்கிற அம்மாம்பெரிய படம்தான் வேணும்.

உங்க வீட்டம்மா வெளிய டேப்பு வச்சு அளக்குறாங்களா? அளக்கட்டும். கிழக்கால தரையோட தரையா ஒரு அடிமரம் இருக்கு, புல்லு மறைச்சிருக்கும். தடுக்கிடப் போறாங்க, ஜன்னல்ல நின்னு ஒரு குரல் குடுங்க.

உத்தரவாதமா? அன்னிக்கு நான் உங்களுக்கு ஃபோன் பண்ணப்பவே சொன்னேனே, கெடையாதுன்னு. கம்பெனிக்காரன் கட்டியிருந்தா, பத்து வருஷத்துக்குள்ள சுவரு போச்சுன்னா நான் பொறுப்புன்னு இன்சூரன்ஸ் போட்டுக் குடுப்பான். இது எங்க வீட்டுக்காரர் கட்டினது. சட்டப்படி பாத்தா அவருதான் பொறுப்பாம், பத்திரம் எழுதுற நோட்டரி சொல்றாரு. தெரிஞ்சேதான் வாங்குறேன்னு உங்ககிட்டயும் எழுதி வாங்குவாரு. நாளைக்கு நீங்க கேஸ் போட்டு ஜெயிச்சீங்கன்னு வைங்க, ஒரு ஓட்டை டிராக்டரும் கொஞ்சம் வாத்தும் கெடைக்கும். ஓட்டிட்டுப் போலாம்.

அவரா? அந்தா, வாத்துக் கொட்டாய்ல நிக்கிறாரே, அதான் ஃபெர்னான். வீடு பாக்க ஆள் வந்தா அங்க போயிடுவாரு. காலைலயே தண்ணி மாத்தியாச்சு. மறுபடியும் மாத்துறாரு.

கைகாரருதான், அதுல கொறை சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமையா கட்டின வீடு இது. கூரைச் சட்டத்த ஏத்தி, எங்க ஊரு வழக்கப்படி உச்சில பச்சக் கிளை கட்டின அன்னிக்கு ஊரே இங்கதான் குடிச்சுட்டுக் கெடந்துச்சு. தப்பு பண்ணது அடியில. அவங்கப்பா மாட்டுக் கொட்டாய்க்குத் தோண்டின மாதிரி முழங்கால் ஆழந்தான் தோண்டினாரு. அந்தக் காலத்துச் சுவரு சுண்ணாம்பு. மண்ணு அசைஞ்சா அதுவும் கூடவே அசைஞ்சு குடுக்கும். இது சிமெண்டு, வளையாது. எங்க மண்ணோ சுத்தக் களி, மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும்.

அது பத்தாதுன்னு ரெண்டு பாப்ளர் மரத்துக்கு நடுவுல கொண்டாந்து கட்டினாரு. பாப்ளர் எவ்ளோ தண்ணி குடிக்கும் தெரியுமா? வெயில் காலத்துல வீட்டுக்கு அடியில இருக்கிற ஈரத்தயெல்லாம் உறிஞ்சிடும். வெட்டிட்டுக் கட்டுடான்னு எல்லாரும்தான் சொன்னாங்க. பொண்ணுங்க மரத்த எப்படிரா வெட்டுறதுன்னு நின்னுட்டாரு.

நீங்க எந்தப் பக்கம்? வடக்கயா? அப்ப தெரிஞ்சிருக்காது. இங்க பொண்ணு பொறந்தா ஒரு பாப்ளர் நட்டு வைப்பாங்க. அவ வளர வளர அதுவும் வளரும். கல்யாணம் நிச்சயமானதும் வெட்டி, அதுலயே சீருக்கு ஒரு மர பீரோ செஞ்சு குடுப்பாங்க. இப்ப யாரு பண்றா? இவரு மாதிரி பிடிவாதக்காரங்கதான். எங்களுக்கு ரெண்டு பொண்ணு, அதான் ரெண்டு மரம்.

அதுவா, அந்த வெள்ளைப் பொட்டா? எஞ்சினியர் வச்சது. வெடிப்புக்குக் குறுக்கால பிளாஸ்டர அப்பி விட்டிருக்காரு. பொட்டு உடைஞ்சா சுவரு இன்னும் நகருதுன்னு அர்த்தம். இந்தப் பக்கம் எல்லாம் உடைஞ்சிருக்கு பாருங்க. கிழக்குச் சுவத்துல போய்ப் பாருங்க, ஒண்ணு கூட உடையல. அங்கயும் வெடிப்பு இருக்கு, ஆனா அப்படியே நின்னு போச்சு. அந்தப் பக்கத்து மரம் இப்ப இல்லியே. அதனால மண்ணு அடங்கிடுச்சு. எஞ்சினியர் ஒரே பேச்சா சொல்லிட்டாரு, இன்னொண்ணயும் வெட்டிட்டு அஸ்திவாரத்துக்கு அடியில முட்டுக் குடுங்க, வீடு உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்னு.

அதானே. எல்லாரும் இங்க வந்துதான் கேப்பாங்க. மரத்த வெட்டி, செப்பனிட்டு, நல்ல வெலைக்கே விக்கலாமே, ஏன் இப்படி அடிமாட்டு வெலைக்குத் தள்ளுறீங்கன்னு. ஏதாவது சொல்லி, ஒரு காப்பியக் குடுத்து அனுப்பிடுவேன். நீங்க உள்ள வந்ததும் சுவத்துல இடிச்சிக்கிட்டு, சுவத்துகிட்டயே மன்னிப்பு கேட்டீங்க பாருங்க. உங்ககிட்ட வேற கத சொல்ல வாய் வரல.

மேக்கால நிக்கிறது சின்னவ எஸ்தெலோட மரம். துலூஸ்ல இருக்கா, நல்லா இருக்கா. அது வெறும் மரம்மா, வெட்டிப் போட்டுட்டு வேலையப் பாருங்கன்னு திட்டுவா.

கிழக்கால இருந்தது பெரியவளோடது. மயிலிஸ். அவளுக்கு நிச்சயமாச்சு, அந்தக் குளிர்காலமே அவரு மரத்த வெட்டிட்டாரு. அறுத்து, காத்துப் போக பலகைக்குப் பலகை நடுவுல சக்கை வச்சு கொட்டாய்ல அடுக்கியிருந்தாரு. ஈரத்தோட பீரோ பண்ணா முறுக்கிக்கும்ல, ஒரு வருஷமாவது காயணும். சாப்பிட்டதும் போய் அதத் தடவிப் பாத்துட்டுதான் படுப்பாரு. பீரோக் கதவுல என்ன பூ செதுக்கறதுன்னு அப்பனும் மகளும் ஒரே சண்டை.

ஒரு நாள் காலைல தலைவலிக்குதுன்னா. சாயங்காலம் அவ இல்ல.

பலகை காஞ்சிதான் இருந்துச்சு. அளவு மட்டும் மாத்த வேண்டியிருந்துச்சு. வெளிய பெட்டி வாங்கலாம்னு சொன்னாங்க, அவரு யாரையும் கிட்டயே விடல. பாப்ளர் லேசான மரம் தம்பி. தூக்குறதுக்கு நாலு பேரு கூட தேவைப்படல.

அதுக்கப்புறம் ரம்பத்தத் தொடல. மாடி ரூமு ஏன் பூசாமக் கெடக்குன்னு கேட்டீங்களே, அவ ரூமு அது. நான் மரத்த வெட்டுனேன், பொண்ணு போயிட்டான்னு மண்டைல ஏத்திக்கிட்டாரு. மேக்கால மரத்தப் பத்திப் பேச்செடுத்தா எஸ்தெலயும் கொல்லப் பாக்குறியாங்கறாரு. பைத்தியக்காரத்தனந்தான், எனக்குத் தெரியாதா? ஆனா போன வருஷம் அவருக்குத் தெரியாம மரம் வெட்டுறவனப் பாக்கக் கெளம்பினேன். அவன் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். கதவத் தட்டக் கை வரல. எனக்கும் பயம்தான்.

அதான் விக்கிறோம். கையெழுத்து ஆயிடுச்சுன்னா அது உங்க மரம். எங்க பொண்ணுக்கும் அதுக்கும் அப்புறம் ஒண்ணும் கெடையாது. நீங்க வெட்டுனா அவளுக்கு ஒண்ணும் ஆவாது, அப்படித்தானே?

வெட்டிடுங்க தம்பி. தள்ளிப் போடாதீங்க, இன்னொரு கோடைய இந்தச் சுவரு தாங்காது. நாங்க காலி பண்ணிப் போன அடுத்த வாரமே ஆளக் கூப்பிடுங்க. மரம் நேரா வளந்திருக்கு, பலகை நல்லா வரும், நீங்களே எதுக்காவது வச்சுக்கங்க. உங்களப் பாத்தா நல்ல மனசாத் தெரியுது, அதனாலதான் இப்பவே சொல்லி வைக்கிறேன். பலகை உங்களுக்கு வேணுமான்னு கேட்டு மட்டும் கூப்பிட்டுடாதீங்க. ஃபோன எப்பவும் அவருதான் எடுப்பாரு.