தண்ணீர்மலைச் சந்தில் குமுதாவின் வீடு

மாலை ஏழேகால். பினாங்கில் அந்த நேரத்தில் வெளிச்சம் முழுதாகப் போயிருக்காது. ஆனால் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் பாதையில், கோயில் வருவதற்கு முன்பே இடப்பக்கம் ஒரு சந்து பிரியும். அங்கே சீக்கிரமே போய்விடும். இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். வீடுகள் தள்ளித் தள்ளி. தெருவிளக்கு இருக்கிறது... எரியாது.

சந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு படித்த காமினியின் பெரியம்மா மகளுக்கு நடந்தது. அவள் பெயர் குமுதா. நடந்தபோது காமினி கூடவே இருந்தாள். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள்... போதும்.

அன்று அந்தச் சந்தில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே குமுதா, காமினி, ஹாரிஸ். ஹாரிஸ் குமுதாவோடு பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவன் அப்பா சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கிறார். எதற்கும் சிரிப்பான். எதற்கும் பயப்பட மாட்டான்.

மூவரும் வந்தது குமுதாவுக்கு ஒரு வீடு வைக்க.

உங்களில் பாதிப் பேர் போனில் அந்த மாதிரி ஆப் இருக்கும். ஒரு மேப். அதில் நண்பர்கள் எல்லாரும் பொம்மைப் பிராணிகளாக நடமாடுவார்கள். யார் பசார் மாலாம் இரவுச் சந்தையில் இருக்கிறார்கள், யார் இன்னும் வேலையில், எல்லாம் தெரியும். ஹாரிஸ் அதில் ஒரு சோத்தோங், அதாவது கணவாய். காமினி வாத்து. குமுதாவுக்கு ஒரு பூனையைப் பார்த்து வைத்திருந்தார்கள். குமுதாவையும் சேரச் சொல்லி இருவரும் நச்சரித்தார்கள்.

குமுதா தயங்கியதற்குக் காரணம் இருந்தது. பழைய வேலையிடத்தில் ஒருவன். இப்படித்தான் ஒரு ஆப்பில் பார்த்துவிட்டு, டத்தோ கிராமாட்டில் லிஃப்ட் ஏறி அவளுடைய ஃபிளாட் வாசலுக்கே வந்து நின்றான். கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். "வீட்ல இருக்கீங்கன்னு காட்டுச்சு. அதான்." அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் எந்த ஆப்பிலும் இல்லை.

இந்த ஆப்பில் வீடு வைக்காமல் சேர முடியாது. நாம் பகிர்வதை நிறுத்திவிட்டால், நம் பிராணி அந்த வீட்டில் தூங்குவதாகக் காட்டும். ஹாரிஸ்தான் யோசனை சொன்னான்.

"உன் வீட்ட ஏன் வைக்கிற? யாரும் இல்லாத ஒரு வீட்ட வையி லா. எவன் பாத்தாலும் பூனை அங்க தூங்கும். நீ இங்க நிம்மதியா தூங்கு."

நல்ல யோசனை. நான்கூட அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் எந்த இடத்தை வீடாக வைக்கிறோமோ, அந்த இடத்தில் நின்றுதான் வைக்க வேண்டும். நீக்குவதானாலும் அங்கேயே நின்றுதான் நீக்க வேண்டும். வேறு யாரும் மாற்றிவிடக் கூடாதே என்று அப்படி ஒரு பாதுகாப்பு.

அதனால் அந்தச் சந்து. அந்தப் பங்களா.

கேட் துருப்பிடித்துப் பாதி திறந்திருந்தது. தரையெல்லாம் பழுத்து விழுந்த ஜம்பு... புளித்த வாசம். பின்னால் எங்கோ ஓடைத் தண்ணீர் சத்தம். முன்பக்கம் தூண் வைத்த போர்ட்டிகோ. கதவு சாத்தியிருந்தது. குமுதா போர்ட்டிகோவில் நின்று போனைத் தட்டினாள். மேப்பில் சின்னதாக ஒரு சிவப்புக் கூரை முளைத்தது. வேலை முடிந்தது. திரும்பியிருக்கலாம்.

காமினிதான் ஆரம்பித்தாள்.

"புது வீடாச்சே அக்கா. பால் காய்ச்சாம குடி போகலாமா?"

ஹாரிஸ் காரின் பின்பக்கம் எப்போதும் ஒரு சின்ன கேஸ் அடுப்பு இருக்கும். தூண்டில் போடப் போகும்போது மெகி மீ போட்டுச் சாப்பிட. முனைக் கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்தான். மெகி சட்டியில் ஊற்றினார்கள். கிழக்கு எது என்று அதே போனில் பார்த்து அடுப்பைத் திருப்பி வைத்தார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம்.

பால் பொங்கியது. பொங்கி... கதவுப் பக்கமாக வழிந்தது. அடுப்பு சரிவாக இருந்திருக்கலாம்.

குமுதா வலது காலை எடுத்து வைத்து, கொஞ்சம் பாலைக் கதவு நிலையில் ஊற்றினாள். மற்றவர்கள் கை தட்டினார்கள். ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்தார்கள். கிளம்பும்போது குமுதா கேட் வரை வந்து திரும்பிப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்றாள்.

"யார்கிட்ட சொல்ற?" என்றான் ஹாரிஸ்.

"தெரியல. வாயில வந்துருச்சு."

காரில் மறுபடி சிரிப்பு.

சுகுமாரன் அண்ணே, நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. அவர்களும் சிரித்தார்கள்.

சில வாரம் எல்லாம் நன்றாகப் போனது. குமுதா வேலை முடிந்ததும் பகிர்வதை நிறுத்திவிடுவாள். பூனை பங்களாவில் சுருண்டு தூங்கும். அவள் டத்தோ கிராமாட்டில் அம்மாவோடு சீரியல் பார்ப்பாள். அவள் அம்மா பெயர் ஜெயலெட்சுமி. இரண்டே பேர் உள்ள வீடு.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம் காமினி மேப்பைத் திறந்தாள். பூனை தூங்கவில்லை. எழுந்து நின்றது. கூடத்திலிருந்து பின்பக்கம் போனது. கொஞ்ச நேரம் நின்றது. திரும்பி வந்தது. வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்போமே... அப்படி.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்டி."

"எந்த வீடு?"



"...என்னடி கேள்வி இது?" என்றாள் குமுதா.

குமுதா அந்த ஆப்பைத் தன் போனிலிருந்தே அழித்தாள். காமினியின் போனில் பூனை நடந்துகொண்டே இருந்தது.

பிறகு சின்னச் சின்னதாக. குமுதா தன் வீட்டு வாசலில் நின்று மணி அடித்தாள். கையில் சாவி இருக்கிறது. அம்மா கதவைத் திறந்து, "சாவி எங்கடி?" என்றார். குமுதா சாவியைப் பார்த்தாள். எந்தக் கதவுக்கு என்று தெரியாத மாதிரி பார்த்தாள். இன்னொரு நாள் இருட்டில் சுவிட்சைத் தேடி எதிர்ச் சுவரைத் தடவினாள். பிறந்ததிலிருந்து இருக்கும் வீடு.

ஒருநாள் வேலை முடிந்து வாடகைக் கார் ஏறினாள். களைப்பு. கண்ணை மூடிவிட்டாள். கார் நின்றதும் விழித்தாள். புளித்த ஜம்பு வாசம்.

"இங்க ஏன் வந்தீங்க?"

டிரைவர் சின்னப் பையன். பயந்துவிட்டான். "நீங்கதான அக்கா வழி சொன்னீங்க? இடது, இடதுன்னு... கேட்டுக்கிட்ட நிறுத்துங்கன்னு."

அன்றுதான் குமுதா அழுதாள். காமினிக்குப் போன் செய்தாள். "எனக்கு எங்க வீடு மறக்குதுடி. அம்மா முகம் மறக்கிறதுக்குள்ள ஏதாச்சும் பண்ணணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார்கள். வேண்டுமென்றே மத்தியானம். நல்ல வெயில். ஹாரிஸ் காரை கேட்டுக்கு எதிரே நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை.

குமுதா ஆப்பை மறுபடி போட்டுக்கொண்டு போர்ட்டிகோவில் நின்றாள். நீக்கத் தட்டினால், 'நீங்கள் வீட்டில் இல்லை' என்று வந்தது. முன்பு நின்ற அதே இடம். இன்னும் உள்ளே போகச் சொன்னது.

கதவு... இந்தத் தடவை சாத்தியில்லை.

"நான் போனை ஸ்பீக்கர்ல வைக்கிறேன். நீங்க காடியில இருங்க. ரெண்டு பேரும் உள்ள வராதீங்க. ஒருத்தராவது வெளிய இருக்கணும்." எப்போதும் கவனமான பெண். உள்ளே போனாள்.

காரில் இவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்புச் சத்தம். சிமெண்டுத் தரையில் தப்... தப். "கூடம்... ஒண்ணும் இல்ல. பழைய நாற்காலி ஒண்ணு." தப்... தப். "அடுப்படி. பால் அடிப்பிடிச்ச வாசம் வருதுடி..." திரையைத் தட்டும் சத்தம். பிறகு, "போயிருச்சு! நீக்கிருச்சு! 'உங்களுக்கு இப்போது வீடு இல்லை'ன்னு வருது." சிரித்தாள். இவர்களும் சிரித்தார்கள். மேப்பில் சிவப்புக் கூரை இல்லை.

"வர்றேன்" என்றாள்.

வாசலில் குமுதா தெரிந்தாள். இரண்டு அடி வெளியே வந்தாள். நின்றாள். ரோட்டைப் பார்த்தாள். காரைத் தாண்டிப் பார்த்தாள். காரைப் பார்க்கவில்லை. பிறகு திரும்பினாள். செருப்பைக் கழற்றினாள். ஜோடியாகச் சேர்த்து ஓரமாக வைத்தாள். வலது காலை முன்வைத்து உள்ளே போனாள்.

போனில் குரல். "காமினி... நான் வெளிய வந்துட்டேன்டி. ஆனா மறுபடி கூடம்தான் வருது."

ஹாரிஸ் ஹாரன் அடித்தான். நீளமாக.

மறுபடி வந்தாள். செருப்பை மாட்டினாள். இரண்டு அடி. ரோட்டைப் பார்த்தாள். கழற்றினாள். உள்ளே போனாள். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆள் மாதிரி. அவசரமே இல்லை.

"கதவு தெரியுது... கதவத் தாண்டுறேன்... கூடம். அதே நாற்காலி. கேட்டு எங்கடி? ஹாரன் சத்தம் கேக்குது, எந்தப் பக்கம்னு தெரியலடி!" போனில் கத்தி அழுகிறாள்.

மறுபடி வாசலில் வந்து நின்றாள். காமினி அப்போதுதான் கவனித்தாள். போனில் அழுகைச் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. வாசலில் நிற்பவளின் வாய் அசையவில்லை.

காமினி காரை விட்டு இறங்கி ஓடினாள். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஓடியிருக்க மாட்டேன் என்றாள். குமுதா செருப்பைக் கழற்றக் குனிந்தபோது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மத்தியான வெயிலில் அந்தக் கை... ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மாதிரி. இழுத்ததும் வந்துவிட்டாள். எடையே இல்லை. காய்கறிப் பையைத் தூக்குவது போல.

பின்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "எடு, எடு!" ஹாரிஸ் எடுத்தான்.

குமுதா மடியில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். வெறுங்கை. போன் இல்லை.

கார் நகர்ந்தது. முன்சீட்டில் கிடந்த காமினியின் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"காடி சத்தம் கேக்குதுடி... எங்கடி போறீங்க? காமினி? என்ன விட்டுட்டுப் போகாதீங்கடி... அம்மாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட..."

ஹாரிஸ் போனைக் கவிழ்த்து வைத்தான். வாயில் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தான். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. சந்து முடிந்து பெரிய ரோட்டில் திரும்பியதும் லைன் தானாக அறுந்தது.

திரும்பிப் போகவில்லை. இரண்டு பேருமே. யாரை நம்புவது என்று தெரியவில்லை என்கிறாள் காமினி. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவள் குமுதா. அதே முகம், அதே காதுத் தோடு. அவளை வைத்துக்கொண்டு எப்படித் திரும்பிப் போய் இன்னொரு குமுதாவைத் தேடுவது?

பிறகு ஹாரிஸ் மட்டும் பகலில் ஆள்களோடு போனான். பூட்டிய கதவை உடைத்துப் பார்த்தார்கள். நாற்காலிகூட இல்லை.

குமுதா இப்போது நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். வேலைக்குப் போவதில்லை, அவ்வளவுதான். புதுப் போன் வாங்கிக் கொடுத்தார்கள், தொடவில்லை. பகலெல்லாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் வேண்டுமானால் கேட்டுத்தான் குடிப்பாள். பொழுது சாய்ந்ததும் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள். பெற்ற அம்மாவைப் பார்த்துச் சொல்வாள். ரொம்ப மரியாதையாகச் சொல்வாள்.

"சரி ஆன்ட்டி... நேரமாச்சு. நான் வீட்டுக்குக் கிளம்புறேன்."

கிரில் கதவுக்கு இரண்டு பூட்டு போட்டிருக்கிறார்கள். ஜெயலெட்சுமி பெரியம்மா, "சாப்பிட்டுட்டுப் போம்மா" என்பார். தினமும். உட்கார வைத்து, பரிமாறி, பேச்சுக் கொடுத்து, நன்றாக இருட்டும் வரை இழுப்பார். இருட்டிவிட்டால் குமுதா கிளம்பும் பேச்சை எடுக்க மாட்டாள். இதுவரை அப்படியே ஓடுகிறது.

போன வாரம் பெரியம்மா தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். "தினம் இப்படி அவசரப்படுறியேம்மா. அங்க உனக்காக யாரு காத்துக்கிட்டு இருக்கா?"

குமுதா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாளாம்.

"எங்கம்மாதான் ஆன்ட்டி. நான் வரலன்னு கிளம்பிட்டாங்க... இப்ப லிஃப்ட்ல ஏறிட்டாங்க."